ஒரு விரற்கடை ஓரம்

பலர் சேர்ந்து நிற்கும் புகைப்படம் எதைக் கையில் கொடுத்தாலும் அவர் நடுவில் இருப்பவர்களைப் பார்க்க மாட்டார். இடது ஓரத்தில் தொடங்குவார். அங்கே நிற்கும் கடைசி ஆளுக்குத் தோள் முழுசாக இருக்கிறதா, காது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நேரே வலது ஓரத்துக்குத் தாவுவார். பக்கத்து வீட்டுக்காரர் தன் மகன் பட்டம் வாங்கிய படத்தைப் பெருமையோடு நீட்டியபோது, “இந்தக் கை யாரோடது?” என்றுதான் கேட்டார். ஓரத்தில் நின்ற பெண்ணின் தோள்மேல் ஒரு கை மட்டும் இருந்தது. கைக்குச் சொந்தக்காரர் படத்துக்கு வெளியே போயிருந்தார். யாரென்று பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லத் தெரியவில்லை. “விசாரிங்க. பாவம், அவரும் சட்டையெல்லாம் தேச்சுப் போட்டுக்கிட்டுத்தான் வந்து நின்னிருப்பாரு” என்று படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் வேலை பார்த்த தொலைக்காட்சி நிலையத்தில் அவருக்கு ஓரக்கண்ணர் என்று பெயர். யார் வைத்தார்கள் என்று தெரியாது. ஓய்வு பெற்ற அன்று மாலையோடு மாலையாகப் பெயரும் அவருடன் வீட்டுக்கு வந்துவிட்டது. ஒல்லியான ஆள். கண்ணாடியைத் துடைக்கும் துணி எந்நேரமும் சட்டைப் பையில் இருக்கும். வீட்டுக்கு நாலு பேர் வந்தால் சோபாவின் கோடியில் ஒண்டிக்கொண்டிருப்பவரைத்தான் முதலில் விசாரிப்பார். மின்விசிறியின் முகத்தை அவர் பக்கம் திருப்பி வைப்பார். “எங்க வீட்டுக்காரர்கிட்ட நடுவுல உக்காந்தா மரியாதையே கிடைக்காது” என்று அவர் மனைவி வந்தவர்களிடம் சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போவார்.

பழைய படம் ஏதாவது தொலைக்காட்சியில் ஓடினால் அவருடைய வலது கை நாற்காலியின் கைப்பிடிமேல் போய் உட்கார்ந்துகொள்ளும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அங்கே இல்லாத குமிழ் ஒன்றைப் பிடித்துத் திருகத் தொடங்கும். கதாநாயகன் இடப்பக்கம் நடந்தால் விரல்களும் இடப்பக்கம் திரும்பும். கதாநாயகி வலப்பக்கக் கதவைத் திறந்துகொண்டு வந்தால் அவள் வருவதற்கு முன்பே விரல்கள் அங்கே போய்க் காத்திருக்கும். கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள் என்று மனைவி ஒருமுறை சொல்லிப் பார்த்தார். தோள் நகர்ந்தது.

அந்தக் குமிழின் கதை இதுதான். ஒரு காலத்தில் படம் திரையரங்கை விட்டுப் போனால் போனதுதான். தகரப் பெட்டிக்குள் சுருண்டு, ஏதோ ஒரு கிடங்கில் புளிப்பு வாடை அடித்துக்கொண்டு கிடக்கும். அப்படிக் கிடந்த படங்களைத் தட்டி எழுப்பியது தொலைக்காட்சி. வாரத்துக்கு ஒரு பழைய படம் என்று நிலையம் அறிவித்ததும், டிவி பெட்டி இருக்கிற வீட்டுக்குள் தெருவே ஏறியது. வாசலில் கால் வைக்க இடமில்லாமல் செருப்புகள் கிடந்தன. தாங்கள் பிறப்பதற்கு முன் வந்த படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் மூக்கை உறிஞ்சினார்கள். பெரியவர்கள் வசனத்தை நடிகனுக்கு முன்பே சொல்லிவிட்டு, பின்னால் இருந்தவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

ஆனால் திரையரங்கின் திரை அகலம். அன்றைய பெட்டியோ கிட்டத்தட்டச் சதுரம். சினிமாஸ்கோப் படத்தை முழுசாகக் காட்டினால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். டிவி கெட்டுப்போச்சு என்று ஜனங்கள் நிலையத்துக்குத் தொலைபேசியில் கத்துவார்கள். ஆகவே அகலத்தைக் குறைத்தாக வேண்டும். ஒரு பக்கம் படச்சுருள் ஓடும், மறுபக்கம் அது வீடியோ நாடாவில் பதிவாகும். இரண்டுக்கும் நடுவே ஓரக்கண்ணர் உட்கார்ந்து, குமிழைத் திருகித் திருகி, அகலப் படத்தின்மேல் ஒரு சதுரத்தை வலமும் இடமுமாக நகர்த்திக்கொண்டே போவார். சதுரத்துக்குள் வந்தவர்கள் வீடுகளுக்குப் போவார்கள். வராதவர்கள் அந்த அறையோடு சரி.

அதில் அவருக்கு ஒரு கர்வமே இருந்தது. “ரெண்டு பேரு ரெண்டு கோடியில நின்னு பேசுவாங்க. சும்மா நடுவுலயே வச்சிருந்தா ரெண்டு மூக்கு பேசிக்கிட்டிருக்கும், மத்தியில ஒரு பூஜாடி இருக்கும். அதைப் பார்க்கவா ஜனங்க வேலை வெட்டியை விட்டுட்டு உக்காந்திருக்காங்க?” என்பார். பேசுகிறவன் முகம் போகக் கூடாது என்பது முதல் விதி. இரண்டாவது விதி கொஞ்சம் நுணுக்கமானது. நிலையத்துப் பெட்டியில் படம் ஓரம் வரைக்கும் தெரியும். வீட்டுப் பெட்டிகள் அப்படியல்ல. இரண்டு பக்கமும் ஒரு விரற்கடை அகலத்தைத் தங்கள் சட்டத்துக்குப் பின்னால் ஒளித்துக்கொள்ளும். அதனால் நிலையத்துப் பெட்டியின் கண்ணாடியில், இரு ஓரங்களிலும் ஒரு விரற்கடை உள்ளே தள்ளி, மெழுகுப் பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு வெளியே இருப்பது வீட்டில் இருக்காது.

இந்த இடத்தில் அவருடைய அக்காவைச் சொல்ல வேண்டும். அம்மா சீக்கிரம் போய்விட்டதால், தலை வாரி விட்டதிலிருந்து பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டது வரை அவருக்கு எல்லாம் அக்காதான். கல்யாணத்துக்கு முன்பே அக்கா ஒரு துணி ஆலையில் தையல் பிரிவில் வேலைக்குப் போனாள். அந்த ஆலை வாசலில் ஒரு படம் எடுக்க வந்தார்கள். கூட்டமாக நிற்பதற்கு ஆலைப் பெண்களையே கூப்பிட்டார்கள். கதாநாயகன் தொழிலாளிகளிடம் பேசுகிற நீளமான காட்சி. நடுவில் வெட்டே இல்லாமல் ஒரே மூச்சில் எடுத்தது. வலப்பக்கம் பீப்பாய் ஒன்றின்மேல் ஏறி நின்று அவன் பேசுகிறான். இடது ஓரத்தில் அக்கா நின்று கேட்கிறாள். கேட்கக் கேட்க, தலையில் கட்டியிருந்த துணியை மெல்ல அவிழ்க்கிறாள். கண்ணில் நீர் நிற்கிறது. துணி கையில் இருந்தும் துடைத்துக்கொள்ளாமல் அதை முறுக்கிப் பிடித்தபடி நிற்கிறாள்.

அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவளிடம் சொல்லவில்லை. “தானா வந்துச்சு. வெட்டிடுவாங்கன்னு நெனச்சேன். வெட்டலை” என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறாள். திரையரங்கில் தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தாள். படம் சரியாகப் போகவில்லை. வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. அதன்பின் கல்யாணம், பிள்ளை, குடும்பம். புகுந்த வீட்டில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் ஒருவரும் இல்லை. “நானும்தான் விமானம் ஓட்டினேன், யாரு பார்த்தா?” என்பார் அவள் கணவர். நல்ல மனுஷர்தான், ஆனால் கிடைத்த கேலியை விடாதவர்.

பிறகு ஒருநாள் அந்தப் படம் தொலைக்காட்சியில் வரப்போவதாக அறிவிப்பு வந்தது. சுருளை நாடாவாக்கும் அறையில் உட்கார்ந்திருந்தது தம்பி. அக்கா தையல் பிரிவில் எல்லோரிடமும் சொன்னாள், தெருவில் சொன்னாள், மாமியாரிடம் சொன்னாள். தம்பியிடம் மட்டும் அதிகம் பேசவில்லை.

“என்னை விட்டுறாதடா” என்றாள்.

அவர் விடவில்லை. அதைத்தான் இன்றுவரை யாருக்கும் புரியவைக்க முடியாமல் தவிக்கிறார். அந்தக் காட்சியை அவர் திரும்பத் திரும்ப ஓட்டினார். கதாநாயகன் ஒரு கோடி, அக்கா மறு கோடி. சதுரத்தை வலப்பக்கம் வைத்தால் அக்கா போனாள். இடப்பக்கம் வைத்தால் பேசுகிறவன் முகம் போயிற்று. மேலதிகாரி கறாரான ஆள். கதாநாயகன் முகத்தைத் தொட்டால் தொலைத்துவிடுவார். குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருகிப் பார்த்ததில் ஓர் இடம் வசப்பட்டது. வலப்பக்கம் கதாநாயகனின் ஒரு காது மட்டும் போகும். இடப்பக்கம் அக்காவின் பாதி முகம், நீர் நிற்கும் ஒரு கண், துணியை முறுக்கும் கை எல்லாம் நிற்கும். அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மெழுகுக் கோடு கண்ணெதிரேதான் இருந்தது. அக்காவின் அந்தப் பாதி முகமும் கண்ணும் முழுக்க முழுக்க அதற்கு வெளியே இருந்தன. மற்ற நாளெல்லாம் அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு தூணைக்கூட வைக்காதவருக்கு அன்று கோடு உறைக்கவில்லை.

ஒளிபரப்பான மாலை அக்கா வீட்டுக் கூடத்தில் மூச்சு விட இடமில்லை. அவரும் போயிருந்தார், வழக்கம்போல வரிசையின் கடைசியில். ஆலை வாசல் வந்தது. பீப்பாய் வந்தது. கதாநாயகன் பேசத் தொடங்கினான். இடது ஓரத்தில் ஒரு முழங்கை தெரிந்தது.

முழங்கை மட்டும்தான். ஒரு விரற்கடை அகலத்துக்குள் அக்காவின் பாதி முகமும் கண்ணும் கையும் பெட்டியின் சட்டத்துக்குப் பின்னால் போயிருந்தன. கூட்டம் காத்திருந்தது. அக்கா எழுந்து போய்க் கண்ணாடியில் விரலை வைத்து, “இது நான்தான்” என்றாள். பிறகு மச்சான், “முழங்கை நல்லா நடிச்சிருக்கு” என்றார். கூடமே சிரித்தது. மாமியாரும் சிரித்தார். அக்கா கண்ணாடியிலிருந்து விரலை எடுத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். படம் முடியும் வரை வெளியே வரவில்லை.

மறுநாள் மேலதிகாரி கதாநாயகனின் காதைக் கேட்டுக் கூச்சல் போட்டார். அது ஓரக்கண்ணர் காதில் விழவே இல்லை. அக்காவிடம் போய், பெட்டி ஓரத்தை விழுங்கிவிட்டது, நிலையத்தில் நீ இருந்தாய், நான் என் கண்ணால் பார்த்தேன் என்றெல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல, சாக்குச் சொல்வதுபோல அவருக்கே பட்டது. அக்கா பொறுமையாகக் கேட்டாள்.

“பரவாயில்லைங்க தம்பி. நீங்க என்ன பண்ணுவீங்க” என்றாள்.

டா போட்டுக் கூப்பிட்டவள் அன்றிலிருந்து வாங்க, போங்க என்று பேசலானாள். சண்டை இல்லை, பேச்சை நிறுத்தவில்லை. வந்தால் நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், வெளியாளுக்குக் கொடுக்கிற மரியாதை அத்தனையும் கொடுத்தாள். மனிதர் அதில் வெந்துபோனார். நிலையத்தார் அந்த நாடாவை விடவும் இல்லை. வேறு படம் கிடைக்காத வாரமெல்லாம் அதையே போட்டார்கள். போட்ட போதெல்லாம் மச்சான், “உங்க அம்மாவோட முழங்கை வருது பாரு” என்று மகளைக் கூப்பிடுவார். மச்சான் காலமான அன்று, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, அக்கா தம்பியைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். “கடைசி வரைக்கும் அவரு நம்பவே இல்லைங்க.” அழுகையைக்கூட அவள் மரியாதையாகத்தான் அழுதாள் என்று சொல்லும்போது ஓரக்கண்ணர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்.

போன வருஷம் அக்காவுக்கு மூளையில் ரத்தம் கட்டிக்கொண்டது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அதைவிட விசித்திரம், அவளுக்கு உலகத்தின் இடது பாதியே இல்லாமல் போயிற்று. கண்ணில் கோளாறு இல்லை, இடப்பக்கம் என்று ஒன்று இருப்பது மூளைக்கு எட்டவில்லை என்றார் மருத்துவர். தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, “இவ்வளவுதானா?” என்று கேட்பாள். அவள் மகள் பேசாமல் தட்டைத் திருப்பி வைப்பாள். அக்கா மீதியையும் சாப்பிடுவாள். தலையில் பாதிதான் வாருவாள். இடப்பக்கம் போய் நின்று கூப்பிட்டால் வலப்பக்கம் திரும்பித் தேடுவாள்.

வாங்க, போங்கவும் அத்தோடு போயிற்று. ஆஸ்பத்திரியில் முதல்முதலாகப் பேச்சு வந்தபோது, “எப்படா வந்த?” என்றாள். மகளுக்கு ஒரே சந்தோஷம். அவருக்கு இல்லை. “கோபம் போயிருந்தா கொண்டாடலாம். கோபத்தை வச்சிருந்த இடமே போயிடுச்சேம்மா” என்று அவளிடம் சொன்னார்.

இந்த நிலையில்தான் பழைய சகா ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, அந்தப் படத்தின் நல்ல பிரதி ஒன்று அகப்பட்டிருப்பதாகவும், கீறல்களைத் துடைத்து முழு அகலத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம் போடப் போவதாகவும் சொன்னார். இப்போது வீடுகளில் இருக்கும் பெட்டிகளும் அகலம்தான். குமிழ் இல்லை, சதுரம் இல்லை, கோடு இல்லை. ஓரக்கண்ணர் சட்டையை மாட்டிக்கொண்டு அக்கா மகள் வீட்டுக்கு ஓடினார்.

மகளுக்கு அது பிடிக்கவில்லை. “அம்மாவுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்கான்னே தெரியலை மாமா. எதுக்குக் கிளறணும்? தெரியாமலே நிம்மதியா இருக்கட்டும்” என்றாள். அவர் விடவில்லை. அக்காவை ஒருமுறை, ஒரே ஒருமுறை, முழுசாக உட்கார்த்தி வைத்துக் காட்டிவிட வேண்டும் என்றார். அக்காவுக்கு இனி எவ்வளவு காலம் என்பதை இருவருமே பேசவில்லை. கடைசியில், “உங்க இஷ்டம் மாமா” என்றாள் மகள்.

ஞாயிறு மதியம் சீக்கிரமே வந்துவிட்டார். சுவரோரம் மேசைமேல் டிவி. எதிரே கைவைத்த நாற்காலியில், முதுகுக்குத் தலையணை கொடுத்து அக்கா. அவர் அருகில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். படம் தொடங்கியதும் திரையின் இரண்டு ஓரங்களையும் பார்த்தார். எல்லாம் இருந்தது. தான் வெளியே தள்ளிவிட்ட ஜன்னல்கள், படிக்கட்டுகள், கூட்டத்தில் நின்ற முகங்கள் அத்தனையும் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தன. விரல்கள் கைப்பிடியைத் தேடவில்லை. வாழ்நாளில் முதல்தடவையாக மடியில் சும்மா கிடந்தன.

படம் பாதியைத் தாண்டியது. ஆலை முதலாளி தன் அறையில் இடப்பக்கம் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். அக்கா நெற்றியைச் சுருக்கினாள்.

“யாருடா பேசுறது? சத்தம் மட்டும் வருது, ஆளைக் காணோம்.”

ஓரக்கண்ணர் அவள் பக்கம் திரும்பினார். அவளுடைய கண்கள் திரையின் வலது பாதியில், அங்கே இருந்த வெறும் அலமாரியில் நின்றிருந்தன. தட்டைத் திருப்புவதை எத்தனையோ தடவை பார்த்தவர்தான். திரையின் ஓரத்தையே நினைத்துக்கொண்டிருந்ததில் அக்காவின் ஓரம் அவருக்குத் தோன்றவே இல்லை. இனி என்ன வரும் என்பது அவருக்கு மனப்பாடம். முதலாளி கதவைச் சாத்துவான், ஆலைச் சங்கு ஊதும், வாசல் திறக்கும். அக்கா இடது கோடியில் நிற்பாள். இவ்வளவு வருஷத்துக்குப் பிறகும் அவள் கண்ணுக்கு அது வராது.

நாற்காலியைத் திருப்பலாமென்று அதைப் பிடித்து இழுத்தார். கனமான மர நாற்காலி, அசையவில்லை. முகத்தைப் பிடித்து இடப்பக்கம் திருப்பினார். அக்கா எரிச்சலோடு பழையபடியே திருப்பிக்கொண்டாள். திரையில் கதவு சாத்தப்பட்டது.

அவர் எழுந்து போய் மேசையின் இடப்பக்க முனையில் இரண்டு கைகளையும் வைத்து வலப்பக்கமாகத் தள்ளினார். மேசைக்கால் தரையைக் கீறியது. பூத்தொட்டி ஒன்று சாய்ந்தது. “மாமா, என்ன பண்றீங்க? வயர் பத்தாது” என்று அக்கா மகள் ஓடிவந்தாள். அவர் நிறுத்தவில்லை. “நீ அவ தட்டைத் திருப்புற மாதிரிதான்மா” என்றார். அவளுக்குப் புரிந்தது. சுவரோரம் குனிந்து, பிடுங்கிக்கொள்ளப் பார்த்த பிளக்கை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

சங்கு ஊதியது. வாசல் திறந்தது. கதாநாயகன் பேசத் தொடங்கிவிட்டான், குரல் கேட்டது. ஓரக்கண்ணர் திரையைப் பார்க்கவில்லை. திரையைப் பார்க்க வேண்டுமென்றால் தள்ளுவதை நிறுத்த வேண்டும். அவர் அக்காவின் கண்களைப் பார்த்துக்கொண்டே, குமிழைத் திருகிய நாட்களைப்போலக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினார். அவர் நின்ற இடம் அக்காவுக்கு இல்லாத பாதி. அவளைப் பொறுத்தவரை டிவி தானாக நகர்ந்து வந்துகொண்டிருந்தது.

அவள் கண்கள் அலைந்தன. பீப்பாயில் நின்றன, கூட்டத்தில் நின்றன. பிறகு ஓர் இடத்தில் நின்று, அங்கிருந்து அசையவில்லை. வாய் லேசாகத் திறந்தது.

“பாதிதான் தெரியுது” என்றாள்.

கண்ணை எடுக்காமலே, அசைகிற அந்த ஒரு கையைத் தூக்கி, இன்னும் கொஞ்சம் தள்ளு என்று விரல்களால் காட்டினாள். ஓரக்கண்ணர் மேசையை ஒரு விரற்கடை தள்ளினார்.